சத்திரப்பட்டி சாலையில் ஒரு புயல் கூண்டு

ராஜபாளையத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். கிழக்கே பார்த்தால் கரிசல் காடும் நூற்பாலைக் கூரைகளும் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரியாது. கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏறி, மூன்று மணி நேரம் தூங்கி எழ வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிற ஒரே ஆள் முத்துப்பேச்சி.

அவள் கூண்டு ஏற்றுவது சத்திரப்பட்டி சாலையில், ராஜரத்தினம் அண்ணாச்சியின் பேண்டேஜ் துணி காயவைக்கும் களத்தில். களத்து வாசலில் உயரமாக ஒரு சவுக்குக் கம்பம் நிற்கிறது. உச்சியில் கப்பி, கப்பியில் நைலான் கயிறு. கயிற்றில் தொங்குவது கோழியையும் குஞ்சுகளையும் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரக் கூடை. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும் என்று அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தாள். கம்பத்தில் ஒன்றும் இல்லையென்றால் தாராளமாகத் துணி விரிக்கலாம். ஒரு கூடை தொங்கினால் விரிக்கலாம், ஆனால் ஒரு கண் வானத்தில் இருக்க வேண்டும். இரண்டு கூடை தொங்கினால் அன்றைக்கு ஒரு முழத் துணிகூட வெளியே வரக்கூடாது.

ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிறார்களே, அந்த மெல்லிய வெள்ளைத் துணி இந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்து, இந்தப் பக்கத்துத் தொட்டிகளில் வெளுத்து, இந்தப் பக்கத்து வெயிலில் காய்கிறது. ஏக்கர் கணக்கில் மூங்கில் கம்புகள் நட்டு, கொடி கட்டி, அதன்மேல் துணியை நீள நீளமாக விரிப்பார்கள். பாதி காய்ந்த துணியின்மேல் மழை விழுந்தால் போச்சு. மஞ்சள் திட்டுத் திட்டாகக் கறை ஏறும். தரையிலிருந்து சேறு தெறிக்கும். மறுபடி வெளுக்க வேண்டும், மறுபடி வெளுத்தால் அந்த நூல் தாங்காது. சித்திரையிலும் வைகாசியிலும் இந்த வேலையில் கவலையே கிடையாது. ஐப்பசி பிறந்து வங்காள விரிகுடாவில் எதுவோ சுழல ஆரம்பித்ததும், களத்துப் பெண்கள் எல்லாருக்கும் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். அண்ணாந்து பார்த்தே.

"காயத்துக்குக் கட்டுறதே காய மாட்டேங்குதுக்கா" என்பாள் ஜாஸ்மின். களத்தில் வயதில் சிறியவள், வாயில் பெரியவள்.

முத்துப்பேச்சிக்குச் சொந்த ஊர் வன்னியம்பட்டி. இருபது வயதில் மாரிச்சாமியைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடி போனாள். அவன் துறைமுகத்தில் லோடுமேன். ஏழு வருஷம் அங்கே குடியிருந்தார்கள். காலையில் எழுந்ததும் அவள் முதலில் பார்ப்பது துறைமுகத்துக் கூண்டைத்தான். மூன்றாம் நம்பர் ஏற்றியிருந்தால் வேலை இல்லை, மாரிச்சாமி திரும்பிப் படுத்துவிடுவான். இதை ஒருநாள் களத்தில் சொல்லப்போக, அவளுக்குச் சமவயசுக்காரி ஈஸ்வரி விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டாள்.

"ஏட்டி பேச்சி, ஒனக்கு மூத்தவ ஆடியில பொறந்தா. எளையவளும் ஆடியில பொறந்தா. கூண்டு ஏத்துனது எந்த மாசம்?"

களம் முழுக்கச் சிரிப்பு. முத்துப்பேச்சிக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு யாராவது பிள்ளைத்தாச்சியாக இருந்தால் "அங்கன எத்தனாம் நம்பர் கூண்டு?" என்று கேட்பது களத்தின் வழக்கமாகிவிட்டது.

தூத்துக்குடியில் எதிர்வீட்டுக்காரி பியூலா கருவாடு காயவைப்பவள். மணலில் நெத்திலியைப் பரப்பிவிட்டு, காற்றின் பக்கம் முகத்தைக் காட்டி நிற்பாள். அவள்தான் முத்துப்பேச்சிக்கு ஒரு விஷயம் சொன்னாள். "புயல்னு சொன்ன ஒடனே பயந்து சாவாத. அது எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு. வடக்க ஏறிட்டுன்னா இங்க உள்ள ஈரத்தையெல்லாம் கூடவே இழுத்துட்டுப் போயிரும். அன்னைக்குக் காயவச்சா நெத்திலி முறுக்காட்டம் ஆயிரும். பேரே வைக்காம சும்மா கன்னியாகுமரிப் பக்கம் ஒண்ணு படுத்துக் கெடக்கும் பாரு, அதுக்குத்தான் பயப்படணும்."

மாரிச்சாமிக்கு முழங்கால் கெட்டபோது குடும்பம் ராஜபாளையம் வந்தது. அவனுக்கு ஒரு நூற்பாலையில் வாட்ச்மேன் வேலை. அவளுக்குக் களத்தில் துணி விரிக்கிற வேலை. பதினான்கு வருஷம் விரித்தாள், மடித்தாள், பார்த்துக்கொண்டிருந்தாள். போன ஆடியில் பழைய மேஸ்திரி திருப்பூரில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். அண்ணாச்சி ஒரு மாதம் யோசித்தார். பிறகு முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, "களத்தைப் பாத்துக்கோம்மா" என்றார். மேஸ்திரி என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அந்த வார்த்தையைப் பெண்கள் சொன்னார்கள். மேஸ்திரியானதும் அவள் செய்த முதல் வேலை, கம்பத்தை நட்டு இரண்டு பஞ்சாரங்களுக்குப் பெயிண்ட் அடித்ததுதான். களத்துக்கு வேலைக்கு வருகிற பெண்கள் நாலு திசையிலிருந்து வருகிறவர்கள். இரண்டு கூடை தெரிந்தால் பாதி வழியிலேயே திரும்பி, வீட்டு வேலையைப் பார்க்கப் போகலாம் இல்லையா?

"தூத்துக்குடியில கூண்டைப் பாத்துக் கப்பல் நின்னுச்சு" என்றான் மாரிச்சாமி, கம்பத்தடியில் நின்று மேலே பார்த்தபடி. "இங்கன எது நிக்கப் போகுது?"

"ஜாஸ்மினோட ஸ்கூட்டி நிக்கும். போதும்" என்றாள்.

கடலறியாத ஊரில் புயல் பாஷை புரியவைப்பது லேசான வேலை இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜாஸ்மின் போனில் செய்தி போடுவாள். "வங்கக் கடலில் புதிய புயல் சின்னம்" என்று வந்தால், "புயல் சின்னத்துல எந்தக் கட்சி நிக்கி?" என்று ஈஸ்வரி கேட்பாள். அவளாவது கேலிக்குக் கேட்டாள். களத்துக்குப் பக்கத்து வீட்டு சுந்தரம்மாள் ஒருதரம் நிஜமாகவே ஏமாந்தாள். முத்துப்பேச்சி குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரி அவள். "புயல் நாளை மாலை கரையைக் கடக்கும்" என்று டீவியில் சொன்னதைக் கேட்டு, தண்ணீர் கண்மாய்க் கரையைக் கடக்கப் போகிறது என்று நினைத்துவிட்டாள். பட்டப்பகலில் தன் பதினோரு கோழிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி மொட்டை மாடிக்கு ஏற்றினாள். மறுநாள் மாலை வரை கோழிகளுக்கும் நிம்மதி இல்லை, தெருவுக்கும் நிம்மதி இல்லை. புயல் ஒடிசாவில் கரை கடந்தது என்று கேட்டபிறகு, "அங்க கண்மாய் பெருசா இருக்கும் போல" என்றாளாம்.

அந்தக் கோழிகளால்தான் இந்தக் கார்த்திகையில் முத்துப்பேச்சியின் வேலைக்கே ஆபத்து வந்தது.

ஒரு சனிக்கிழமை மடவார் வளாகம் கோயிலில் அவளுடைய அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. குமரிக் கடல் பக்கம் பெயர் இல்லாத ஒன்று படுத்துக் கிடந்தது. அதற்குத்தான் பயப்பட வேண்டும் என்று பியூலா சொன்னாளே, அதேதான். எதற்கும் இருக்கட்டும் என்று விடிந்ததும் இரண்டு கூடையையும் ஏற்றிவிட்டு, முத்துப்பேச்சி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடித்தாள். ஒன்பது மணிக்கு நல்ல வெயில். களத்துக்கு வந்த பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கூடைதான் தொங்கியது. சரி, விரிக்கலாம் என்று விரித்தார்கள். பதினொன்றரைக்கு மலைப்பக்கம் கறுத்தது. அடுத்த கால் மணியில் கொட்டிய மழையில் இருநூறு கொடித் துணியும் நனைந்து, சேறு தெறித்து, கண்ணால் பார்க்கமுடியாமல் போனது.

மதியம் பஸ்ஸை விட்டு இறங்கிய முத்துப்பேச்சி, முதலில் கம்பத்தைப் பார்த்தாள். ஒரு கூடை. அடுத்தபடி சுந்தரம்மாள் வீட்டு வாசலைப் பார்த்தாள். அங்கே கறுப்புப் பெயிண்ட் அடித்த பஞ்சாரம் கவிழ்த்திருந்தது. உள்ளே ஒரு தாய்க்கோழி, அதன் சிறகுக்குள் அன்று பொரித்த குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன.

அண்ணாச்சி களத்தில் நின்றுகொண்டிருந்தார். கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. "ஒத்தக் கூடைய ஏத்திட்டுக் காதுகுத்துக்குப் போயிட்டே" என்றார். "என் தப்பும்மா. ஒன்ன நம்பி விட்டது என் தப்பு. இன்னொரு தடவ துணி நனைஞ்சுதுன்னா, களத்துக்கு வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

அவள் நனைந்த துணிகளைக் கொடியிலிருந்து உருவத் தொடங்கினாள். கோழியின்மேல் பழியைப் போட்டால் யார் நம்புவார்கள்? இன்னொன்றும் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து இரண்டு பிள்ளைகளோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் வந்து இறங்கிய அன்று, கேட்காமலே சோறு வடித்துக் கொடுத்தவள் சுந்தரம்மாள். அவளை அண்ணாச்சி முன்னால் நிறுத்த முத்துப்பேச்சிக்கு மனசு வரவில்லை.

சுந்தரம்மாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் முத்துப்பேச்சி வீட்டு வாசலில் இரண்டு முட்டை இருந்தது. முட்டை ஏன் வருகிறது என்று முத்துப்பேச்சியும் கேட்கவில்லை, சுந்தரம்மாளும் சொல்லவில்லை. மாரிச்சாமிக்கு மட்டும் ஆம்லெட் சாப்பிட்டு வயிறு நிறைந்தது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வங்கக் கடலில் ஒரு புயல் உருவானது. இதற்குப் பெயர் இருந்தது. டீவியில் ஒரு மாதிரி சொன்னார்கள், பேப்பரில் ஒரு மாதிரி எழுதினார்கள், ஜாஸ்மின் மூன்றாவதாக ஒரு மாதிரி சொன்னாள். திங்களும் செவ்வாயும் வானம் மூடியே கிடந்தது. நசநசவென்று தூறல். தொட்டியில் வெளுத்த துணி அப்படியே ஈரத்தில் கிடந்தது, ஐநூறு கொடிக்கு விரிக்கிற அளவு. புதன்கிழமை காயாவிட்டால் வாடை பிடித்துவிடும், பிறகு அது ஆஸ்பத்திரிக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை லாரி வருகிறது.

புதன் காலை ஆறு மணிக்கு மாரிச்சாமி டீவியைப் போட்டான். சிவப்பு எழுத்தில் புயல், மஞ்சள் எழுத்தில் புயல். கடற்கரையில் மழைக்கோட்டு போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார். முத்துப்பேச்சி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாள். சுழல்கிற அந்த வெள்ளை வட்டம் சென்னையையும் தாண்டி ஆந்திராப் பக்கம் ஏறியிருந்தது.

"வடக்க ஏறிட்டு" என்றாள்.

"யாரு?"

"புயலு."

"ஏறட்டும். நீ ரெண்டு கூடைய ஏத்திட்டு வீட்டுல இரு" என்றான் மாரிச்சாமி. "நனைஞ்சா வேல போயிரும்னு சொல்லிட்டாரு. விரிக்கலைன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. புயல்னு ஊரே சொல்லுது. ஒன்ன யாரு கொற சொல்லுவா?"

"விரிக்கலைன்னா துணி நாறிப்போகும்."

"நாறுனா புயல் மேல பழி. நனைஞ்சா ஒன் மேல பழி. ரோசிச்சுக்கோ."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் களத்துக்குப் போனாள். கம்பத்து உச்சியில் காற்றுக்காகக் கட்டியிருந்த கந்தல் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாள். இரண்டு நாளாக மலையைப் பார்த்துப் பறந்தது, இன்று மலைக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பறந்தது. மேகாற்று, அதாவது மேற்குக் காற்று. மலை அடிவாரம் வரை துடைத்து வைத்த மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. தொட்டியிலிருந்து ஒரு முழத் துணியை எடுத்துப் பிழிந்து, வேலிக்கம்பியில் போட்டாள். பத்து நிமிஷத்தில் தொட்டுப் பார்த்தாள். ஓரம் காய்ந்திருந்தது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"புயல் வருதும்மா. டீவி பாக்கலையா?"

"பாத்தேன் அண்ணாச்சி. அது ஆந்திரா போகுது. இங்கன இன்னைக்கு வெயில்தான். விரிக்கட்டா?"

"விரின்னும் நான் சொல்லல. விரிக்காதன்னும் சொல்லல. போன வாரம் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

பக்கத்துக் களத்து நாராயணராஜா தார்ப்பாயால் தன் தொட்டிகளை மூடிக்கொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏமம்மா முத்துப்பேச்சி, கூடையக் காணும்? புயல்னு சொல்லுதாங்கல்ல?" என்றார்.

"நமக்கு இல்ல ராஜா."

"ஒனக்கு மட்டும் தனியா போன் பண்ணிச் சொல்லுச்சாக்கும்" என்று சிரித்துக்கொண்டே தன் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்.

கம்பம் வெறுமையாக நின்றது. வந்த பெண்கள் பதினான்கு பேரும் கம்பத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். "கூடைய மறுபடி கோழி கொண்டுபோயிட்டா?" என்று ஈஸ்வரி மெதுவாகக் கேட்டாள். அவர்களுக்கெல்லாம் கதை தெரியும். அண்ணாச்சிக்கு மட்டும்தான் தெரியாது.

"நான்தான் ஏத்தல. விரிங்க" என்றாள் முத்துப்பேச்சி. "ஒரு கொடியும் பாக்கி இருக்கக்கூடாது."

எட்டரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டு மணிக்குள் ஐநூறு கொடியும் வெள்ளையாகிவிட்டது. வெயிலில் கண் கூசியது. ஜாஸ்மின் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யக்கா, இதுக்குப் பேரு புயலாக்கும்? இப்படியே வருஷம் பூராப் புயல் அடிக்கட்டும்" என்றாள்.

அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் காற்று வந்தது.

மழையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி, காற்றைப் பற்றி யோசிக்கவில்லை. ஈரத்தை இழுத்துக்கொண்டு போகிற காற்று துணியை மட்டும் சும்மா விட்டுவிடுமா? பியூலா நெத்திலியின்மேல் வலையைப் போட்டு, நாலு ஓரமும் கல்லை வைப்பாளே, அது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொடிகள் எல்லாம் தெற்கு வடக்காகக் கட்டியிருந்தன. மேற்கேயிருந்து வந்த காற்றுக்கு ஒவ்வொரு துணியும் கப்பல் பாய் மாதிரி நெஞ்சைக் காட்டி நின்றது. மூங்கில்கள் கிறீச்சிட்டன. முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ ஆரம்பித்தன.

"பிடிங்கட்டி! பிடிங்க!"

பதினான்கு பேர் ஐநூறு கொடியை எப்படிப் பிடிப்பது? ஈஸ்வரி ஒரு துணியைப் பிடித்தால் அடுத்தது தலையில் வந்து சுற்றியது. ஜாஸ்மின் இரண்டு கையிலும் இரண்டு துணியைப் பிடித்தபடி, மூன்றாவதைப் பல்லால் கடிக்கப் போனாள். "வாயி படக்கூடாது, ஆஸ்பத்திரித் துணி!" என்று முத்துப்பேச்சி கத்தினாள். சுந்தரம்மாள் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்து, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒரு மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். துணி தரையில் விழுந்து மண்ணில் புரண்டால், மழையில் நனைந்ததற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அண்ணாச்சி சொன்னது முத்துப்பேச்சியின் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் சாலையோரக் கொடியிலிருந்து இருபது மீட்டர் துணி ஒன்று இரண்டு பக்கமும் அவிழ்ந்தது. வேலிக்கு மேலே ஏறியது, நிதானமாகச் சாலையைப் பார்த்தது, அப்படியே போய் எதிரே வந்த ஒரு பஸ்ஸின் முகத்தில் சுற்றிக்கொண்டது.

கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து வருகிற கல்லூரி பஸ் அது. புயல் என்று சொல்லி மாணவர்களைப் பாதி நாளிலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பஸ் கிறீச்சென்று நின்றது. டிரைவர் இருளப்பசாமி, பெரிய மீசைக்காரர், இறங்கி வந்து தன் வண்டியை முன்னாலிருந்து பார்த்தார். கண்ணாடி, விளக்கு, நம்பர் பிளேட் எல்லாவற்றையும் சுற்றி வெள்ளைக் கட்டு.

"ஏம்மா, வண்டி நல்லாத்தான ஓடுச்சு? யாரு கட்டுப் போடச் சொன்னா?"

பஸ்ஸுக்குள் சிரிப்புச் சத்தம் வெடித்தது. ஜன்னல்களில் போன்கள் முளைத்தன. முத்துப்பேச்சி வேலியோரம் ஓடிவந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடிவந்தாள். ஆனால் பஸ் நிறையப் பிள்ளைகளைப் பார்த்ததும் வாயில் வேறு வந்துவிட்டது.

"அண்ணே, ஒரு அரைமணி நேரம் இந்தப் பிள்ளைகளக் குடுங்க. துணியெல்லாம் போயிரும் போல இருக்கு."

இருளப்பசாமி மீசையைத் தடவினார். "எனக்கு நேரம் இருக்கும்மா. அவுகளுக்கு மனசு இருக்கணும்ல" என்று பஸ்ஸைப் பார்த்துத் திரும்பினார். அவர் திரும்புவதற்குள் பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள். வெயிலில் விட்ட புயல் லீவை என்ன செய்வது என்று தெரியாமல் வந்துகொண்டிருந்தவர்கள்தானே.

"எல்லாரும் மொதல்ல தொட்டியில கையக் கழுவுங்க!" என்று ஜாஸ்மின் அதட்டினாள். அவள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல் கழுவினார்கள்.

முத்துப்பேச்சிக்கு இப்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. மூங்கில்கள் கட்டம் கட்டமாக நட்டிருந்தன. ஒவ்வொரு கொடியையும் ஒரு முனையில் அவிழ்த்து, துணி கீழே படாமல் நாலு பேர் ஏந்திக்கொண்டு, கிழக்கு மேற்காகத் திருப்பிக் கட்டினால் போதும். காற்று துணியை முட்டாது, துணியோடு கூடவே ஓடும். பதினான்கு பேரால் ஏலாத வேலை. ஐம்பது பேருக்கு அது ஒன்றுமில்லை. "நாலு பேருக்கு ஒரு கொடி! தூக்கிப் பிடிங்க, கல்யாணத்துக்குப் பட்டுச்சேல தூக்குத மாதிரி!" என்று அவள் சத்தம் போட, வெள்ளைத் துணிகள் வரிசை வரிசையாகத் திரும்பின. ஒரு பையன் தலையில் சுற்றிக்கொண்டு போட்டோ எடுக்கப் போய், ஈஸ்வரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். இருளப்பசாமி சாலையோரம் நின்று, "எல, ஒசத்திப் பிடி, மண்ணுல படுதுல்ல" என்று தன் பங்குக்கு மேஸ்திரி வேலை பார்த்தார்.

முக்கால் மணி நேரத்தில் களம் திரும்பி நின்றது. காற்று இன்னும் அதே வேகத்தில் வீசியது. துணிகள் படபடவென்று அடித்துக்கொண்டனவே தவிர ஒன்றும் அவிழவில்லை. முத்துப்பேச்சி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். மொடமொடவென்று இருந்தது. வெயிலில் சாயங்காலம் வரை காய வேண்டிய துணி, மதியம் ஒரு மணிக்கே காய்ந்துவிட்டது.

அண்ணாச்சி கார் வந்தது அப்போதுதான். டீவியை நம்பிக் கல்யாணச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர், கையில் விரித்த குடையோடு இறங்கினார். கொளுத்துகிற வெயிலில் அந்தக் குடையைப் பார்த்து மாணவிகள் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். அவர் குடையை மடக்கினார்.

"இது என்னம்மா, களமா காலேஜா?"

அவர் ஒவ்வொரு வரிசையாக நடந்தார். துணியைக் கசக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், வெயிலுக்கு எதிரே பிடித்துக் கறை இருக்கிறதா என்று பார்த்தார். பஸ்ஸைச் சுற்றிய ஒரே ஒரு துணிதான் அழுக்கு. திரும்பி வந்து முத்துப்பேச்சி முன்னால் நின்றார்.

"வெயில் அடிக்கும்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப போன வாரம் மட்டும் எப்படிம்மா தப்புச்சு?"

"தப்பிருச்சு அண்ணாச்சி" என்றாள்.

"தப்பலங்கேன்!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். சுந்தரம்மாள் மூங்கிலை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். "அவ ரெண்டு கூடதான் ஏத்துனா. ஒண்ண எறக்குனது நாந்தான். மேல சும்மாத்தான தொங்குதுன்னு நெனச்சேன்."

"எதுக்கு எறக்குன?"

"பருந்து சுத்துச்சு அண்ணாச்சி."

"பருந்துக்கும் கூடைக்கும் என்ன?"

"பதிமூணு குஞ்சு அண்ணாச்சி! அன்னைக்குத்தான் பொரிச்சுச்சு. எங்க வீட்டுப் பஞ்சாரத்துல ஓட்ட. இருநூறு கொடி நனையும்னு நான் கண்டேனா?"

அண்ணாச்சி சுந்தரம்மாளைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். முத்துப்பேச்சியைப் பார்த்தார். "இத ஏன் நீ அன்னைக்கே சொல்லல?"

"சொல்லிருந்தா நம்பிருப்பீகளா?"

அவர் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன்" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் குடையை ஊன்றிக்கொண்டார். "பதிமூணும் நல்லா இருக்கா?"

"பன்னெண்டு இருக்கு. ஒண்ணு பூனைக்கு" என்றாள் சுந்தரம்மாள்.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. வேலிக்கு அந்தப் பக்கம், தார்ப்பாய் போட்ட தொட்டிகளுக்கு நடுவே நாராயணராஜா போனைக் காதில் வைத்து நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனாலும் காலையில் சிரித்துவிட்டு இப்போது வேலியோரம் வந்து கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அண்ணாச்சி காதில் வைத்துக் கேட்டார். "ம்... ம்... எனக்கு என்ன தெரியும் ராஜா" என்றார். போனை முத்துப்பேச்சியிடம் நீட்டினார்.

"இந்தா. விரிக்கலாமான்னு கேக்குதாரு. மேஸ்திரி நீ, நீயே சொல்லு."

முத்துப்பேச்சி போனை வாங்கினாள். வாங்கிய கையோடு மேலே கந்தல் துணியைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள்.

"விரிங்க ராஜா. நாலு மணி வரைக்கும் ஒண்ணும் செய்யாது. ஆனா தெக்கு வடக்காக் கட்டாதீங்க, கிழமேலாக் கட்டுங்க. நெறைய ஆளு வேணும்."

"ஆளுகள அனுப்பிட்டேனேம்மா. இப்ப ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்றது போன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்தும் அதே குரல் கேட்டது.

முத்துப்பேச்சி திரும்பி மாணவர்களைப் பார்த்தாள். ஜாஸ்மின் வாங்கி வந்த டீயைக் குடித்துக்கொண்டு வேலியோர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கேட்க வாயெடுப்பதற்குள் இரண்டு பெண்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். இருளப்பசாமி பஸ் சாவியைச் சட்டைப் பையில் போட்டு, கை மடிப்பை முழங்கை வரை ஏற்றிவிட்டு, தொட்டிப் பக்கம் கை கழுவப் போனார்.